ஒரு சங்குப் பால்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பெற்றவர்களுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்படுகிறவர்கள் வெல்டர்கள்தான். சிரிக்க வேண்டாம், உண்மை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு எங்களுடையது. வீட்டுக்கு ஒரு வெல்டர் இல்லாவிட்டாலும் இரண்டு வீட்டுக்கு ஒருவர் தேறுவார். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. வேலை முடிந்து, குளித்து, சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து ஆரம்பிக்கும். ஒரு பிடி உப்பளத்து மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் போட்டுக் கசக்கியதுபோல இருக்கும். திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மருந்து தாய்ப்பால்.

அதைக் கேட்டு வாங்க ஒரு முறை உண்டு. ஆம்பிளை போய்க் கேட்கக் கூடாது. வீட்டுக்காரிதான், பிள்ளைகளுக்கு மருந்து புகட்டுகிற சங்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாள். கொடுத்தவளுக்கு நன்றி சொல்வதோ காசு கொடுப்பதோ வழக்கமில்லை. அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு நாலு சாளை மீனோ ஒரு சீப்புப் பழமோ போகும். எதற்கென்று கொடுத்தவரும் சொல்லமாட்டார், வாங்கியவளும் கேட்கமாட்டாள். கல்யாணம் ஆகாத வெல்டர் பாடுதான் கஷ்டம். யாராவது ஒரு மதினியைப் பிடித்து, அவள் கேலியெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் சங்கு நகரும். கைக்குழந்தையே இல்லாத மாதங்களில் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்துப் படுத்துக்கொள்வோம். கிழங்கும் கேட்கும், ஆனாலும் பால் பால்தான் என்பது எங்கள் கட்சி.

நான் இப்போது அந்தக் கட்சியில் இல்லை. விலகியதற்கு வலது கண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இதை என் கண்ணுக்காக எழுதவில்லை. எனக்குப் பால் கொடுத்த பெண்ணுக்காக எழுதுகிறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் வெல்டிங் ராடு பிடித்தவன். படிப்பு பத்தாவதோடு சரி. பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு, கோபப்படுகிற பழக்கமும் உண்டு. முதலாவதை விட்டால் இரண்டாவது தானாகப் போய்விடும் என்று என் மனைவி சொல்வாள். வேலை பார்த்தது படகு ரிப்பேர் எடுத்துச் செய்கிற ஒரு அண்ணாச்சியிடம். அவரும் ஒரு காலத்தில் எங்களோடு உட்கார்ந்து வெல்டிங் அடித்தவர்தான். பிறகு கையில் நாலு காசு சேர்த்து, சொந்தமாக மெஷின் வாங்கி, ஆள் வைத்து வேலை எடுக்க ஆரம்பித்தார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருவார், தொழிலாளி வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். கண்ணாடி, கையுறை என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

அன்றைக்கு ஒரு இரும்பு விசைப்படகு கரையேறியிருந்தது. படகைத் திசை திருப்புகிற சுக்கான் சரியாகத் திரும்பவில்லை. கழற்றி, தேய்ந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து, திரும்ப மாட்ட வேண்டும். தகட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முதல் பற்றுப் போடவேண்டும். அதை டேக்கு என்போம். இரண்டு கையும் அதற்கே போய்விட்டால், முகத்தை மறைக்கிற ஷீல்டை எந்தக் கையால் பிடிப்பது? அண்ணாச்சி வாங்கிப் போட்டிருந்ததெல்லாம் கையில் பிடிக்கிற ஷீல்டு. தலையில் மாட்டுகிறதை வாங்குங்கள் என்றால், “வாங்குவோம்லே, இந்தப் படகு முடியட்டும்” என்பார். ஒரு படகு முடிவதற்குள் அடுத்த படகு ஏறிவிடும். அதனால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கண்ணை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு டேக்கு வைத்தேன். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் போகும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுக்கானில் துருப்பிடித்து இறுகியிருந்த ஒரு முளையை உளி வைத்து அடித்து வெளியே தள்ள வேண்டியிருந்தது. அந்த உளி அடி வாங்கி வாங்கித் தலை விரிந்துபோய், ஓரமெல்லாம் பிசிறாக நின்றது. தலையைச் சாணை பிடித்துவிட்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசிறு தெறிக்கும். சாணை மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது, படகுக்காரர் தலைமாட்டில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தேன். ஏதோ ஒரு அடியில் வலது கண்ணில் சுருக்கென்றது. கொசு விழுந்த மாதிரிதான். துண்டால் துடைத்தேன், கண்ணீர் வந்து நின்றது, மறந்துவிட்டேன்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு கண்ணும் எரிய ஆரம்பித்தன. எல்லா வெல்டரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன், வெளிச்சம் அடித்துவிட்டது என்று. எரிகிற இரண்டு கண்ணில் ஒரு கண்ணுக்கு மட்டும் வேறு காரணம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். என் மனைவி சங்கைத் தேடினாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவள் சின்னப் பெண். அவள் வீட்டுக்காரன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவன். போனால் வர மாதக்கணக்காகும். அப்போது அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து ஐந்தாறு மாதம். என்னை அண்ணே என்பாள், என் மனைவியை மைனி என்பாள். வேதக்காரப் பெண். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவத்தியும் எங்கள் வீட்டுக்கு ஒரு குரலும் போகும்.

“ஏளா, அவியளுக்கு வெளிச்சம் அடிச்சிருச்சு. ஒரு சங்கு தாயேன்” என்றாள் என் மனைவி.

“நானே வந்து ஊத்துதேன் மைனி. போன தடவ நீங்க ஊத்துனதுல பாதி அண்ணன் காதுக்குல்லா போச்சு” என்று அந்தப்பக்கமிருந்து பதில் வந்தது.

வந்தாள். என் மனைவி தலையைப் பிடித்துக்கொள்ள, அவள் சங்கைச் சாய்த்து முதலில் இடது கண்ணிலும் பிறகு வலது கண்ணிலும் ஊற்றினாள். வெதுவெதுப்பாக இறங்கியது. அந்த இதத்தை நான் இன்றைக்கும் பொய் என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் விடிந்தபோது இடது கண் தெளிந்திருந்தது. வலது கண் சிவப்பாகவே இருந்தது. ஒரு கண் ஆறிவிட்டது, மற்றது பின்னாலேயே வரும் என்று நினைத்துப் படுத்துக்கிடந்தேன். அன்று சாயங்காலமும் அவள் வந்தாள். வலதுக்கு மட்டும் போதும் என்றேன். “ஒரு கண்ணுக்கு ஊத்திட்டு மறு கண்ண விட்டா, விட்ட கண்ணு கோவிச்சுக்கிடும்னு எங்கம்ம சொல்லுவா” என்று சொல்லி, நன்றாக இருந்த இடது கண்ணிலும் ஊற்றிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சுக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த நாள் வலது கண்ணில் சீழ் கட்டிவிட்டது. ஜன்னலைப் பார்த்தால் வேட்டியைத் திரையாகக் கட்டி அதன் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. உள்ளூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உடனே திருநெல்வேலிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கண்ணுக்குள்ளே ஒரு இரும்புத் துணுக்கு இருந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். துணுக்கு வந்தது, பார்வை வரவில்லை.

சேர்த்த அன்றைக்கு ஒரு இளம் டாக்டர், “கண்ணில் ஏதாவது ஊற்றினீர்களா?” என்று கேட்டார். என் மனைவி மறைக்காமல் தாய்ப்பால் என்று சொன்னாள். அவர் உச்சுக்கொட்டிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். தப்பாக ஒன்றுமில்லை, கேட்டதை எழுதுவது அவர் வேலை. ஆனால் அந்த ஒரு சொல் எங்களுக்கு முன்னால் தூத்துக்குடி வந்து சேர்ந்துவிட்டது.

அண்ணாச்சி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை. அவர் போட்ட மோதிரம் என் விரலில் அழுந்தி வலித்தது, அந்த அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு நாள் வந்தார். அன்றைக்கு அழவில்லை. வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். வீட்டு வைத்தியமாகத் தாய்ப்பால் ஊற்றியதால் கண் கெட்டுப் பார்வை போனது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அதில் இருந்தது.

“வேலையில வந்ததுன்னு போச்சுன்னா நான் கடையைக் கட்ட வேண்டியதுதாம்லே. ஆளுகளுக்கு இன்சூரன்ஸ் எடுக்காம விட்டது என் தப்புதான். படகுக்காரன் ஒருத்தன் இனிமே வேலை தருவானா? ஒரு கையெழுத்துப் போடு. ஆஸ்பத்திரிச் செலவு என்னுது. கையிலயும் நல்லதா ஒரு தொகை தாரேன். உன்னைய விட்டுருவனா?” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். வீட்டில் அரிசிக்குக் கடன் சொல்ல ஆரம்பித்திருந்தோம். கேஸ் போட்டவர்கள் கதையெல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரியும், செருப்புத்தான் தேயும் என்பார்கள். அண்ணாச்சி சொன்னது ஊர் பேசிக்கொண்டிருந்ததுதான். பால் ஊற்றித்தான் கண் போய்விட்டதாம் என்று டீக்கடையில் பேசியதை நானே கேட்டிருந்தேன். பேசியதில் பாதிப்பேர் கண்ணிலும் ஏதாவது ஒரு வீட்டுப் பால் விழுந்திருக்கிறது. அவர்களும் சேர்ந்து பேசினார்கள். தாளை வாங்கி அலமாரியில் வைத்தேன். நாளைக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அன்று மாலை என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், வந்த வேகத்தில் கதவில் சாய்ந்து நின்றாள்.

“அவ பிள்ளைக்குப் பாட்டில்ல டின் பால் குடுக்கா. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கா. கிண்டிக் கிண்டிக் கேட்டேன். அண்ணனுக்குக் கண்ணு போன மாதிரி எம்பிள்ளைக்கு ஏதும் ஆயிறக் கூடாதுல்லா மைனிங்கா” என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். என் மனைவி நிறுத்தவில்லை.

“அதுமட்டுமில்ல. அவ தினமும் காலையில சுவரோரம் வந்து நிக்காளாம், உங்க முகத்தைப் பாக்க. நீங்க பாத்தும் பாக்காம போறீயளாம். அண்ணன் மூஞ்சியே குடுக்க மாட்டேங்காவன்னு அழுதா.”

எங்கள் வாசலில் இறங்கினால் அந்தச் சுவர் வலது பக்கம். அந்தப் பக்கம் ஆனை நின்றாலும் எனக்குத் தெரியாது. ஒரு கண் போனதில் எனக்கே பழகாத விஷயம் அது. தெருவில் வலப்பக்கம் வருகிற ஆட்கள் மேலெல்லாம் இடித்துக்கொண்டிருந்தேன், டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருத்தி அங்கே நின்று நான் பார்ப்பேனா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கூப்பிட்டு அனுப்பினேன். வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தெரியாமல் போனேன் தாயி, அந்தப் பக்கம் எனக்குக் கண் இல்லை என்றேன். அதற்கு அவள் சமாதானம் ஆகவில்லை, இன்னும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணாச்சி குடுத்த தாள்ல கையெழுத்துப் போட்டுருங்க அண்ணே. பால்னு எழுதுனா எழுதட்டும். எனக்கு என்ன, தேய்ஞ்சா போயிருவேன்? உங்களுக்குத் துட்டாவது வரும்லா.”

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அவள் பால் விஷம் என்று சர்க்கார் முத்திரையில்லாமல் நானே எழுதிக்கொடுத்த மாதிரி. இதுவரை ஊர் வாயில் இருந்தது என் கையெழுத்தில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளைக்கும் பால் கொடுக்கமாட்டாள். என் கண்ணுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். இதற்கு என்ன விலை சொல்வது?

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நான் குருட்டுத்தனமா வேலை பார்த்தேன்னு எழுதுங்க அண்ணாச்சி, போடுதேன். கண்ணாடி போடாத மடையன்னு எழுதுங்க, அதுக்கும் போடுதேன். அந்தப் பிள்ளையை எழுதாதீங்க.”

அவர் தாளை நாலாக மடித்தார். “சோறு போட்டவன் மேல கேஸ் போடப் போறியோ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தொடாமல் இல்லை. வருகிற வழியெல்லாம் அது கூடவே வந்தது.

தொழிற்சங்கத்தில் ஒரு தோழர் மனு எழுதிக் கொடுத்தார், ஒரு வக்கீலையும் பிடித்துக் கொடுத்தார். வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயம் என்று நிரூபித்தால் இழப்பீடு உண்டு என்றார் வக்கீல். திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். ஒரு தடவை அவர்கள் வக்கீல் வரவில்லை, ஒரு தடவை எங்கள் வக்கீல் வரவில்லை, எல்லோரும் வந்த அன்றைக்கு அதிகாரிக்கு மீட்டிங். தெருவில் சொன்னது சரிதான், இரண்டு ஜோடி செருப்புத் தேய்ந்தது. என் மனைவி இறால் கம்பெனிக்கு உரிக்கப் போனாள். ஐஸ் தண்ணீரில் அவள் விரலெல்லாம் வெளுத்துப்போகும். சாயங்காலம் அந்த விரல்களை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, “உங்க கண்ணு போனதுக்கு என் கை வெறைக்குது” என்பாள். கேலிதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு தின்றதும் நடந்தது.

இரண்டு வருஷம் போலப் போயிற்று. தோணிக்காரன் இடையில் வந்து போனதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து பாட்டில்தான். பால் ஊறவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். அவள் மாமியார்கூட நம்பிவிட்டாள். என் மனைவி நம்பவில்லை.

“ஜாக்கெட்டு நனைஞ்சு கெடக்கு, பால் ஊறலையாம். பீச்சிப் பீச்சி முருங்கை மரத்து மூட்டுல ஊத்துதா. நெஞ்சு கட்டி வலியில துடிக்கா. சொன்னாக் கேக்க மாட்டேங்கா. ஒரு வாய் குடுளான்னா, வேண்டாம் மைனி பயமா இருக்குங்கா” என்றாள்.

அந்த மாதம்தான் சாட்சி விசாரணை வந்தது. அவளும் சாட்சி. எங்கள் வக்கீல் கூப்பிட்டாரா அவர்கள் கூப்பிட்டார்களா என்று இப்போது ஞாபகமில்லை, இரண்டு பக்கத்துக்கும் அவள் வேண்டியிருந்தாள். பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினாள். மூத்தவனை மாமியாரிடம் விட்டிருந்தாள். பாட்டிலும் துணிகளும் இருந்த பிளாஸ்டிக் கூடையை என் மனைவி பிடித்துக்கொண்டாள். அதிசயமாக அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் அம்மா வந்திருந்தார், அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சியின் வக்கீல் முதலில் அவளைக் கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

“இவர் கண்ணில் நீங்கள்தான் பால் ஊற்றினீர்களா?”

“ஆமா.”

“டாக்டரைக் கேட்டு ஊற்றினீர்களா?”

“எங்க தெருவுல யாரும் டாக்டரக் கேட்டு ஊத்தமாட்டாவ.”

அவர் அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தக் கண்ணில் ஊற்றினீர்கள்?”

“ரெண்டுலயும்தான். ரெண்டு நாளும் ரெண்டு கண்ணுலயும் ஊத்துனேன்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் என் இடது கண்ணை அகலத் திறந்து காட்டினேன். பின்னால் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டது கேட்டது.

டாக்டர் அம்மா எங்களுக்குப் பரிந்து பேசவில்லை. கண்ணில் தாய்ப்பால் ஊற்றுவது தவறு, யாரும் செய்யக் கூடாது, எரிச்சல் வந்த அன்றைக்கே இவர் வந்திருக்க வேண்டும் என்று கறாராகச் சொன்னார். அண்ணாச்சியின் வக்கீல் உடனே எழுந்தார்.

“அப்படியானால் பாலால் ஒரு பாதிப்பும் இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது?”

“சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கண்ணை ஓட்டை போட்டது இரும்பு. கிருமி போனது அந்த ஓட்டை வழியாக. அந்தத் துணுக்கு உள்ளே இருந்தவரை, பால் ஊற்றியிருந்தாலும் ஊற்றாவிட்டாலும் இந்தப் பார்வை தப்புவது கஷ்டம்தான். இரும்பை இந்தப் பெண் ஊற்றவில்லை.”

அவள் பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். அதிகாரி, “இந்தப் பால் ஊற்றுகிற வழக்கம் உங்கள் ஆட்களிடம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தெரியும் ஐயா. எனக்கும் ஊத்திருக்காவ. நானும் வெல்டர்தான்” என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். “உளி என்னுதுதான் ஐயா. தலை விரிஞ்ச உளி. மாத்தணும்னு இருந்தேன்.”

அவருடைய வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அண்ணாச்சி இறங்கி வரும்போது என் முன்னால் வந்து நின்றார். இடது பக்கமாக வந்து நின்றார், நான் பார்க்கிற பக்கமாக. பிறகு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது, மீதியை நான் வேண்டுமென்றே வைத்துக்கொண்டேன்.

உத்தரவு வரப் பல மாதம் ஆயிற்று. பணமும் தவணை தவணையாக வந்தது. அண்ணாச்சி பட்டறையில் இப்போது தலையில் மாட்டுகிற ஷீல்டு தொங்குகிறது, போடாதவனை அவரே வைகிறார் என்று கேள்வி. நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை. அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸைத்தான்.

மூன்று பேர் உட்காருகிற சீட்டு கிடைத்தது. ஜன்னலோரம் அவள், நடுவில் என் மனைவி, இந்த ஓரத்தில் நான். ஜன்னல் என் வலது பக்கம். அதனால் அவர்கள் இரண்டு பேருமே என் பார்வைக்கு இல்லை, குரல் மட்டும்தான். கூடை என் இடது காலடியில் இருந்தது. பாளையங்கோட்டை தாண்டியதும் பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் வீறிட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“மைனி, அந்தப் பாட்டில எடுங்க” என்றாள் அவள்.

“பாட்டிலா? ஐயையோ, ஆபீஸ் பெஞ்சுலயே விட்டுட்டு வந்துட்டேன் போலுக்கே” என்றாள் என் மனைவி.

என் மனைவி ஒரு கொண்டை ஊசியைக்கூட எங்கேயும் விட்டுவிட்டு வருகிறவள் இல்லை. அவள் கூடைப் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. நான் குனிந்து பார்த்தேன். துண்டுக்கு அடியில் பாட்டில் இருந்தது, ரப்பர் முனை மட்டும் வெளியே தெரிந்தது.

பிள்ளை அழுதது. நான் துண்டை இழுத்துப் பாட்டிலை நன்றாக மூடினேன்.

அழுகை இன்னும் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு சேலை சரசரத்தது. அழுகை பாதியில் நின்றது. என் மனைவியின் விறைத்த விரல்கள் என் கையைத் தேடிப் பிடித்தன. நான் தலையைத் திருப்பவில்லை. வாகைகுளம் தாண்டுகிற வரை, எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்திலிருந்து, பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.